இணைப்புக்கு யார் பொறுப்பு?

காரைக்கால் மீன்பிடித் துறைமுகத்தில் நிற்கும் ஃபைபர் படகு எதுவும் ஒரே பட்டறையில் முழுதாகப் பிறந்ததல்ல. உடல் ஓரிடத்தில் வார்க்கப்பட்டது. எஞ்சின் வேறொரு ஊர்த் தொழிற்சாலையில் செய்யப்பட்டது. வலை, ஜிபிஎஸ், ஒயர்லெஸ், ஐஸ் பெட்டி எல்லாம் தனித்தனிக் கடைச் சரக்கு. எஞ்சின் மக்கர் செய்தால் போல்ட்டைக் கழற்றி அதை மட்டும் மெக்கானிக்கிடம் கொண்டுபோகிறார்கள். முன்பு இந்தக் கரையெங்கும் ஓடிய கட்டுமரம் இதிலும் ஒரு படி மேல். கரையேறியதும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே காயப்போடுவார்கள். ஒரு மரம் கெட்டால் அந்த மரம் மட்டும் மாறும்.

பொருளை இப்படி மாட்யூல்களாகப் பிரிக்கலாம் என்பது திருவேட்டக்குடி என்ஐடி வளாகத்தின் முதலாண்டு மாணவருக்கும் தெரியும். வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் வேறொன்று புரியும். பொருளைப் பிரிப்பது எளிது. அதைச் செய்யும் ஆட்களைச் சரியாகப் பிரிப்பதுதான் பாடாய்ப் படுத்தும். போலகம் தொழிற்பேட்டையில் பத்துப் பேர் கொண்ட நிறுவனமாக இருந்தாலும், ஒரகடத்தில் ஆயிரம் பேர் கொண்ட நிறுவனமாக இருந்தாலும் இதே கதைதான். குழுத் தலைவராக முதன்முதலாகப் பொறுப்பேற்பவருக்கும், ஏற்கப் போகிறவருக்கும் இந்தக் கட்டுரை.

குழு எப்படியோ, பொருளும் அப்படி

1968 ஏப்ரலில் 'டேட்டாமேஷன்' இதழில் மெல்வின் கான்வே என்ற கணினி நிபுணர் ஒரு கட்டுரை எழுதினார். அதற்கு முன் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ அதைத் திருப்பி அனுப்பியிருந்தது. ஒரு நிறுவனத்துக்குள் யார் யாரோடு பேசுகிறார்களோ, அந்த அமைப்பின் அச்சுதான் அது வடிவமைக்கும் பொருளிலும் விழும் என்பது அவர் சொன்னது. அதில் ஒரு நல்ல கதையும் உண்டு. எட்டுப் பேரிடம் இரண்டு கம்பைலர்களைச் செய்யச் சொன்னார்கள். கோபால் என்ற கணினி மொழிக்கு ஐந்து பேர், அல்கால் என்ற மொழிக்கு மூன்று பேர். கோபால் கம்பைலர் ஐந்து கட்டங்களில் ஓடியது. அல்கால் மூன்று கட்டங்களில் ஓடியது! எத்தனை கட்டம் வேண்டும் என்று தொழில்நுட்பம் முடிவு செய்யவில்லை. ஆள் எண்ணிக்கை முடிவு செய்துவிட்டது.

இதைப் படித்துச் சிரித்துவிட்டுப் போய்விடலாம். கெட்டிக்காரர் இதைத் திருப்பிப் போட்டுப் பயன்படுத்துவார். பொருள் எப்படிப் பிரிய வேண்டுமோ, முதலில் குழுவை அப்படிப் பிரித்துவிடுவார்.

ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். காரைக்கால் கரைக்கு ஏற்ற பொருளாகவே இருக்கட்டும்: கருவாடு காயவைக்கும் இயந்திரம். பட்டினச்சேரியிலோ கிளிஞ்சல்மேட்டிலோ மணலில் மீனை விரித்துக் காயவைக்கும்போது மழை, ஈ, காக்கை, தூசு நான்கோடும் போராட வேண்டும். மூடிய கூட்டுக்குள் ஈரமில்லாத சூடான காற்றை ஓட்டினால் இந்தத் தொல்லை இல்லை. சூடு சுமார் 50 டிகிரிக்கு மேல் போனால் மீன் காயாமல் வெந்துபோகும் என்பதால் கட்டுப்பாட்டுக் கருவி வேண்டும். சூரிய மின்தகடும் வேண்டும், மழை நாளுக்கு மின்வாரிய இணைப்பும் வேண்டும். மகளிர் சுய உதவிக் குழுவுக்குச் சிறியது, கருவாட்டு வியாபாரிக்குப் பெரியது என்று குறைந்தது இரண்டு அளவுகள். ஆறு பேர் கொண்ட குழு இதைச் செய்யப் போகிறது.

பெரும்பாலான இடங்களில் நடப்பது இதுதான். ஒருவர் ட்ராயிங், ஒருவர் எலக்ட்ரிக்கல், ஒருவர் கொள்முதல், இருவர் ஃபேப்ரிகேஷன், ஒருவர் டெஸ்டிங். பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் விசிறியின் மாடல் மாறினால் என்ன ஆகும்? ட்ராயிங் மாறும், ஒயரிங் மாறும், கொள்முதல் ஆர்டர் மாறும், தகட்டு ஓட்டை மாறும், டெஸ்ட் மாறும். ஒரு விசிறிக்காக ஆறு பேரும் கூட வேண்டும். துறை வாரியாகப் பிரித்த குழு, எத்தனை முயன்றாலும், ஒன்றோடொன்று பின்னிய பொருளைத்தான் பெற்றுப்போடும்.

வேறு விதமாகப் பிரியுங்கள். கூடும் தட்டுகளும் இருவருக்கு. வெப்பமும் காற்றோட்டமும் இருவருக்கு. மின்சாரமும் கட்டுப்பாடும் ஒருவருக்கு. மிஞ்சிய ஆறாவது ஆள் எந்த மாட்யூலுக்கும் சொந்தக்காரர் இல்லை. மூன்றும் சேரும் இடங்கள் அவர் பொறுப்பு. ஒவ்வொரு குழுவும் தன் மாட்யூலுக்கு வேண்டிய ட்ராயிங், கொள்முதல், செய்முறை, சோதனை எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்ளும். விசிறி மாறினால் வெப்பக் குழு இருவரும் உட்கார்ந்து முடித்துவிடுவார்கள். மற்றவர்களுக்குத் தெரியக்கூட வேண்டாம்.

கோடு போடும் இடம்

மாட்யூலின் எல்லையை எங்கே வைப்பது? இதற்கு அனுபவத்தை மட்டும் நம்பாதீர்கள். ஒரு கட்டம் போட்ட தாள் போதும். இடப்பக்கம் மேலிருந்து கீழாகப் பாகங்களின் பெயர்களை எழுதுங்கள். மேல் வரிசையிலும் அதே பெயர்கள், அதே வரிசையில். ஒரு பாகத்தை மாற்றினால் எதெல்லாம் மாற வேண்டியிருக்கும் என்று யோசித்து அந்தக் கட்டங்களில் டிக் போடுங்கள். பிறகு வரிசைகளை முன்பின் நகர்த்தி, டிக்குகள் திரண்டு நிற்குமாறு செய்யுங்கள். திரளும் ஒவ்வொரு கூட்டமும் ஒரு மாட்யூல். கூட்டத்துக்கு வெளியே சிதறி நிற்கும் டிக்தான் இணைப்பு. டிசைன் ஸ்ட்ரக்சர் மேட்ரிக்ஸ் என்ற இந்த முறையை 1981-இல் டொனால்டு ஸ்டூவர்டு எழுதினார். இன்று எக்ஸெலில் அரைநாள் வேலை.

டிக் போடும்போது இன்னொரு கேள்வியையும் கேளுங்கள்: அடுத்த மூன்று ஆண்டுகளில் எது மாறும்? டேவிட் பர்னாஸ் 1972-இல் மென்பொருளுக்குச் சொன்ன வழி இது. மாறக்கூடிய முடிவு ஒவ்வொன்றையும் ஒரு மாட்யூலுக்குள் பூட்டிவைக்க வேண்டும், வெளியே தெரியக் கூடாது என்றார். நம் இயந்திரத்தில் சூரியத் தகடு மாறிக்கொண்டே இருக்கும். வாட் ஏற ஏற அதன் நீள அகலமும் மாறுகிறது. கட்டுப்பாட்டு போர்டின் சிப் திடீரென்று சந்தையில் கிடைக்காமல் போகும். 2021-இல் கார் நிறுவனங்களே சிப் இல்லாமல் வண்டியை நிறுத்திவைத்தன. கூட்டின் தகடு எஸ்எஸ் 304-ஆ, 316-ஆ என்ற விவாதமும் ஓயாது. 316-இல் மாலிப்டினம் இருப்பதால் உப்புக் காற்றைத் தாங்கும், விலையும் கூட. கடலோரத்துக்கு ஒன்று, திருநள்ளாறு பக்கம் உள்ளே தள்ளி விற்பதற்கு வேறொன்று என்று பின்னால் பிரிக்க நேரலாம். இவை ஒவ்வொன்றும் ஒரே குழுவின் கைக்குள் மாறி முடிந்துவிட வேண்டும். இரண்டு குழுக்களைத் தொடுகிறது என்றால் கோடு தப்பான இடத்தில் விழுந்திருக்கிறது.

பலர் விட்டுவிடும் படி ஒன்று உண்டு. அதே அளவில் இரண்டாவது தாள் எடுத்து, ஒவ்வொரு பாகத்துக்கும் பதில் அதற்குப் பொறுப்பான ஆளின் பெயரை எழுதி, உண்மையில் யார் யாரோடு வாரா வாரம் பேசுகிறார்கள் என்று டிக் போடுங்கள். இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் தாளில் டிக் இருந்து இரண்டாவதில் இல்லாத கட்டம் எதுவோ, உங்கள் இயந்திரம் அங்கேதான் கெடப் போகிறது. பிராட் அண்ட் விட்னி நிறுவனத்தின் பெரிய விமான எஞ்சின் ஒன்றை மானுவல் சோசா, ஸ்டீவன் எப்பிங்கர், கிரெய்க் ரோல்ஸ் மூவரும் இதே வழியில் ஆராய்ந்து 2004-இல் எழுதினார்கள். 54 பாகங்கள், 8 துணை அமைப்புகள். ஒரே துணை அமைப்புக்குள் இருந்த இணைப்புகளைக் குழுக்கள் பெரும்பாலும் பேசித் தீர்த்திருந்தன. துணை அமைப்பின் எல்லையைத் தாண்டிய இணைப்புகளில்தான் பேச்சு விட்டுப்போயிருந்தது. அத்தனை அனுபவமுள்ள நிறுவனத்திலேயே இந்த நிலை.

ஒரு பக்கத் தாள்

குழு பிரிந்துவிட்டது. இனி ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு பக்கத்தில் ஒப்பந்தம் எழுதுங்கள். கூட்டுக்கும் வெப்ப மாட்யூலுக்கும் நடுவே என்னவெல்லாம் இருக்கிறது என்று பாருங்கள். காற்று நுழையும் வாயின் அளவு. அதைச் சுற்றிய போல்ட் ஓட்டைகளின் விட்டம், எண்ணிக்கை, இடைவெளி. நிமிடத்துக்கு எவ்வளவு காற்று, தட்டுகள் முழுதும் மீன் நிரம்பியிருக்கும்போது எவ்வளவு அழுத்தம் குறையலாம். எத்தனை டிகிரிக்கு மேல் போகக் கூடாது, அதை அளக்கும் சென்சார் யார் பக்கம் இருக்கும். கேபிள் எந்தப் பக்கத்தில் வெளியே வரும், கனெக்டரில் எந்தப் பின் எதற்கு. எதைக் கழற்றாமல் எதைக் கழற்ற முடிய வேண்டும். கடைசியாகப் பதிப்பு எண், தேதி, இரண்டு கையெழுத்து.

சென்சார் யார் பக்கம் என்ற வரியை அற்பம் என்று நினைப்பீர்கள். எழுதாமல் விட்டால் அதற்காகத்தான் சண்டை வரும். கூட்டுக்குள் இருப்பதால் அது கூட்டுக் குழுவுக்குச் சேர்ந்தது என்று இவர் சொல்வார். ஒயர் போவதால் மின்சாரக் குழுவுக்குச் சேர்ந்தது என்று அவர் சொல்வார். கடைசியில் சென்சாரே வாங்கப்பட்டிருக்காது.

இந்தத் தாள் என்ன செய்யும் என்று பார்க்க வேண்டுமானால் காரைக்காலுக்குள்ளேயே ஆதாரம் இருக்கிறது. ஓஎன்ஜிசியின் காவிரி அசெட் நிரவியிலிருந்து இயங்குகிறது. டெல்டாவின் எண்ணெய், எரிவாயுக் கிணறுகளின் தலையில் பொருத்தும் வால்வும் ஃபிளேஞ்சும் ஏபிஐ 6ஏ என்ற தரவிதிக்கு உட்பட்டவை. ஓட்டை எங்கே, போல்ட் எத்தனை, எவ்வளவு அழுத்தம் தாங்க வேண்டும் என்பதெல்லாம் அச்சில் இருக்கிறது. ஆகவே ஒரு நிறுவனத்தின் வால்வை எடுத்துவிட்டு இன்னொரு நிறுவனத்தின் வால்வை மாட்டலாம். செய்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தேகூட இருக்க மாட்டார்கள். நல்ல இணைப்புத் தாள், குழுக்கள் குறைவாகப் பேசிக்கொள்ள வழி செய்கிறது. கூட்டத்துக்கு மேல் கூட்டம் போட்டால் ஒற்றுமை வளரும் என்று நினைக்கும் மேலாளர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

தாளை எப்போது உறைய வைப்பது? முதல் மாதிரியைச் செய்து பார்த்த பிறகு. அதற்கு முன் உறைய வைத்தால் தப்பைச் சட்டமாக்குவீர்கள். அதற்குப் பின்னும் இழுத்துக்கொண்டே போனால் யாரும் எதையும் வாங்க முடியாது. உறைந்த பிறகு மாட்யூலுக்குள் என்ன வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்; இணைப்பை மாற்ற மட்டும் இரு பக்கமும் கையெழுத்துப் போட வேண்டும்.

ஆறாவது ஆள்

இணைப்புக்குப் பொறுப்பாளர் என்று ஓர் ஆளை ஒதுக்குவது வீண் சம்பளம் என்று முதலாளிகள் முணுமுணுப்பார்கள். அவர்களிடம் பிஎஸ்எல்வி கதையைச் சொல்லுங்கள்.

1993 செப்டம்பர் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதல் பிஎஸ்எல்வி கிளம்பியது. நான்கு நிலைகள் கொண்ட ராக்கெட்: திடம், திரவம், திடம், திரவம் என்று மாறி மாறி வரும். முதல் நிலையின் பெரிய திட மோட்டாரும் இரண்டாம் நிலையின் விகாஸ் எஞ்சினும் எதிர்பார்த்தபடி எரிந்தன. இரண்டாம் நிலை பிரிந்து மூன்றாம் நிலையிடம் ஒப்படைக்கும் கட்டத்தில் ராக்கெட்டின் நிலைக்கட்டுப்பாடு குலைந்தது. கட்டுப்பாட்டு மென்பொருளில் இருந்த பிழையும் சேர்ந்துகொள்ள, ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. பெரிய மோட்டார்கள் தேறியிருந்தன. இழப்பு நேர்ந்தது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கை மாறும் நொடியில். அடுத்த முயற்சி 1994 அக்டோபர் 15-இல் வென்றது.

இஸ்ரோவின் குழு அமைப்பைப் பாருங்கள், அதில் பாடம் இருக்கிறது. திரவ எஞ்சின்களுக்கு எல்பிஎஸ்சி என்ற மையம். திட மோட்டார்களும் ராக்கெட்டின் மொத்த வடிவமைப்பும் திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் மையத்தில். திசையறியும் கருவிகளுக்குத் தனி நிலையம். எஞ்சின் சோதனைக்கு நம் திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரி. இவை நிரந்தர வீடுகள். பிஎஸ்எல்வி, ஜிஎஸ்எல்வி என்ற ஒவ்வொரு வண்டிக்கும் தனித் திட்ட இயக்குநரும் திட்டக் குழுவும் உண்டு. அவர்கள் இந்த மையங்களிடமிருந்து வேலை வாங்கி ஒன்றாக்குகிறார்கள். எஞ்சினைக் கரைத்துக் குடித்தவர் எஞ்சினோடு இருக்கிறார். வண்டியைப் பற்றிக் கவலைப்பட இன்னொருவர் இருக்கிறார்.

இப்படி வைத்ததன் பலனை விகாஸ் எஞ்சினில் காணலாம். பிஎஸ்எல்வியின் இரண்டாம் நிலையில் ஒன்று. ஜிஎஸ்எல்வியில் பக்கத் துணை ராக்கெட்டுகளில் நான்கு, இரண்டாம் நிலையில் ஒன்று. எல்விஎம்3-இன் நடுநிலையில் இரண்டு. பிஎஸ்எல்வியின் முதல் நிலைத் திட மோட்டாரின் குடும்பம்தான் ஜிஎஸ்எல்வியின் முதல் நிலையும். பிஎஸ்எல்விக்குள்ளேயே வகைகள் உண்டு: பக்கத் துணை மோட்டார் இல்லாமல் ஒரு வகை, இரண்டு வைத்து ஒன்று, நான்கு வைத்து ஒன்று, நீளமான ஆறு வைத்து எக்ஸ்எல். சந்திரயான்-1 போனது 2008-இல் பறந்த முதல் எக்ஸ்எல்லில். இரண்டு வைத்த வகையும் நான்கு வைத்த வகையும் 2019-இல்தான் முதன்முதலாகப் பறந்தன. முதல் ராக்கெட் பறந்து கால் நூற்றாண்டுக்குப் பிறகும் அதே துண்டுகளிலிருந்து புது வகை பிறந்துகொண்டிருந்தது.

உங்கள் ஆறாவது ஆளுக்கு மூன்று அதிகாரம் கொடுங்கள். இணைப்புத் தாளில் கையெழுத்து இல்லாமல் பொருள் வாங்கக் கூடாது என்று சொல்லும் அதிகாரம். இரண்டு மாட்யூலையும் எந்த நேரமும் ஒன்றாக மாட்டிப் பார்க்கும் அதிகாரம். பொருந்தாவிட்டால் இரண்டு குழுவையும் ஒரே மேசையில் உட்காரவைக்கும் அதிகாரம். குழுவிலேயே இளையவரிடம் இந்த வேலையைத் தள்ளிவிடுவது பரவலான வழக்கம். வேண்டாம். அனுபவசாலி எழுந்து நின்று "இது ஒத்துவராது" என்று சொன்னால்தான் எடுபடும்.

எல்லை தாண்டும் மாட்யூல்

காரைக்காலில் தொழில் செய்பவருக்குக் கூடுதலாக ஒரு கணக்கு உண்டு. வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர், அங்கே தமிழ்நாடு. லேத் பட்டறையும் பவுடர் கோட்டிங்கும் அந்தப் பக்கம் இருந்தால், மாட்யூலைத் தருவதும் வாங்குவதும் மாநிலம் விட்டு மாநிலம் போவதாகவே ஜிஎஸ்டியில் கணக்கு. சட்டமன்றம் உள்ள யூனியன் பிரதேசம் என்பதால் புதுச்சேரியும் அந்தச் சட்டத்தில் ஒரு மாநிலம்தான். சாதாரண சரக்குக்கு இ-வே பில்லுக்கு ஒரு மதிப்பு வரம்பு உண்டு. மாநிலம் கடந்து ஜாப் ஒர்க்குக்கு அனுப்பினால் அந்த வரம்பு கிடையாது. ஐந்நூறு ரூபாய்த் தகடானாலும் இ-வே பில் போட வேண்டும். அனுப்பிய மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்பிவர வேண்டும், இயந்திரம் என்றால் மூன்றாண்டு. அச்சு, ஜிக், ஃபிக்சர், கருவிகளுக்கு அந்தக் கெடு இல்லை. உங்கள் ஆடிட்டரிடம் இன்றைய நிலவரத்தை ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

இதற்கும் குழு அமைப்புக்கும் என்ன சம்பந்தம்? மாட்யூலின் எல்லை வாஞ்சூர் எல்லையை எத்தனை முறை கடக்கிறது என்பதே உங்கள் காகித வேலையின் அளவு. தகட்டை வெட்ட ஒருமுறை, வளைக்க ஒருமுறை, ஓட்டை போட ஒருமுறை, பெயின்ட்டுக்கு ஒருமுறை என்று அனுப்பினால் பில் போடவே ஓர் ஆள் வேண்டும். கூடு என்ற மாட்யூலை முழுதாக ஒரே பட்டறையிடம் கொடுத்து, முடிந்த பொருளாகத் திரும்ப வாங்குங்கள். வெளியே இருக்கும் பட்டறையும் உங்கள் குழுவில் ஓர் அங்கம் என்று வைத்துத்தான் கோடு போட வேண்டும்.

பட்டறைக்காரரிடம் ட்ராயிங்கை மட்டும் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. "நாலு மில்லி தள்ளிப் போட்டா ஒண்ணும் ஆவாது தம்பி, ஓட்டைய நீள ஓட்டையா இழுத்துக்கலாம்" என்பார். அந்த ஒரு இயந்திரத்துக்கு ஆகாதுதான். அடுத்த ஆண்டு புது வெப்ப மாட்யூலை விற்கும்போது இந்தப் பழைய கூட்டில் அது உட்காராது. ஆகவே ட்ராயிங்கோடு ஒரு மாஸ்டர் ப்ளேட் செய்து கொடுத்துவிடுங்கள்: இணைப்பின் வாய், ஓட்டைகள் எல்லாம் சரியான அளவில் வெட்டிய கனமான தகடு. பட்டறையில் ஒன்று, உங்களிடம் ஒன்று. ப்ளேட் உட்கார்ந்தால் பணம், உட்காராவிட்டால் திரும்ப வேலை. வாக்குவாதத்துக்கு இடமே இல்லை. "அண்ணே, ப்ளேட்ட வெச்சுப் பாத்துட்டு வண்டியில ஏத்துங்க" என்றால் போதும்.

ட்ராயிங் மென்பொருளின் பதிப்பையும் இணைப்புத் தாளில் எழுதுங்கள். ஏர்பஸ் ஏ380 விமானத்தை ஹாம்பர்க்கிலும் துலூஸிலும் பிரித்துச் செய்தார்கள். ஒரு பக்கம் கேட்டியா மென்பொருளின் 4-ஆம் பதிப்பு, மறுபக்கம் 5-ஆம் பதிப்பு. ஹாம்பர்க்கிலிருந்து வந்த ஒயர்க் கட்டுகளைத் துலூஸில் விமான உடலுக்குள் ஓட்டியபோது நீளம் போதவில்லை. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஒயர் உள்ள விமானம் அது. ஏறக்குறைய இரண்டு ஆண்டு தாமதமாக, 2007 அக்டோபரில்தான் முதல் விமானம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் கைக்குப் போனது. உங்கள் ஆறு பேரில் ஒருவர் திருட்டு நகலில் பழைய பதிப்பையும், இன்னொருவர் கல்லூரி உரிமத்தில் புதுப் பதிப்பையும் ஓட்டிக்கொண்டிருக்கவில்லை என்று சத்தியம் செய்வீர்களா?

விற்பவரையும் உள்ளே இழுங்கள்

மாட்யூல் குழுவில் விற்பனை ஆள் இல்லாவிட்டால் யாரும் கேட்காத வகைகளாகச் செய்து குவிப்பீர்கள். 2020 ஜூனில் அசோக் லேலண்ட் ஏவிடிஆர் என்ற மாட்யுலர் லாரி வரிசையை வெளியிட்டது. 18.5 டன் முதல் 55 டன் வரை. அச்சு, கேபின், சஸ்பென்ஷன், எஞ்சின் வரிசை என்று வாங்குபவர் தன் சுமைக்கும் சாலைக்கும் ஏற்றபடி சேர்த்துக்கொள்ளலாம். மணல் ஏற்றுபவருக்கும் கன்டெய்னர் இழுப்பவருக்கும் வேண்டியது வேறு வேறு என்று தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால்தான் எந்தத் துண்டை எத்தனை வகையாகச் செய்வது என்று முடிவெடுக்க முடியும்.

பெரம்பூர் ஐசிஎஃப் இன்னும் எளிமையாகச் செய்தது. வந்தே பாரத்தின் அடிப்படை அலகு நான்கு பெட்டிகள். நான்கு அலகு சேர்ந்தால் 16 பெட்டி, இரண்டு சேர்ந்தால் 8. திருநெல்வேலி - சென்னை வண்டி 2023 செப்டம்பரில் 8 பெட்டிகளோடு ஓடத் தொடங்கி, கூட்டம் தாங்காமல் பின்னர் 16 ஆனது. நம் கருவாட்டு இயந்திரத்துக்கும் இதுவே வழி. பெரியது வேண்டும் என்றால் பெரிதாக ஒன்று வடிவமைக்காதீர்கள். கூட்டை மட்டும் அடுக்கி, வெப்ப மாட்யூலை இரட்டிப்பாக்க முடியுமா என்று முதல் நாளே கேளுங்கள்.

ஓர் எச்சரிக்கை. இணைப்பைத் தெளிவாக எழுதி வெளியே விட்டால் போட்டியாளரும் அதில் மாட்டிக்கொள்வார். ஐபிஎம் 1964 ஏப்ரல் 7-இல் ஆறு மாடல்களோடு சிஸ்டம்/360 வரிசையை அறிவித்தது. ஒரே புரோகிராம் சிறியதிலும் ஓடும், பெரியதிலும் ஓடும்; டிஸ்க், டேப், பிரிண்டர் எல்லாம் பொதுவான இணைப்பில் மாட்டும். கம்ப்யூட்டர் வியாபாரமே மாறியது. சில ஆண்டுகளில் ஐபிஎம்மை விட்டு வெளியேறிய பொறியாளர்களே அந்த இணைப்புக்குப் பொருந்தும் மலிவான டிஸ்க்குகளைச் செய்து விற்றார்கள். எந்த இணைப்பை ஊரறியத் திறப்பது, எதைக் கைக்குள் வைப்பது என்பது முதலாளி எடுக்க வேண்டிய வியாபார முடிவு. பொறியாளரிடம் விட்டுவிடக் கூடாது.

எல்லாவற்றையும் மாட்யூல் ஆக்கவும் வேண்டாம். ஒவ்வோர் இணைப்பும் கூடுதல் எடை, கூடுதல் போல்ட், கூடுதல் கேஸ்கெட், நீர் கசிய இன்னொரு வழி. ஒரே ஒரு ஆர்டருக்காக ஒரே ஒரு இயந்திரம் செய்கிறீர்கள் என்றால் நேராகச் செய்து கொடுத்துவிட்டுப் போங்கள். தொழில்நுட்பமே இன்னும் பிடிபடவில்லை, எது எதைப் பாதிக்கிறது என்றே தெரியவில்லை என்றாலும் அப்படித்தான். முதலில் எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து ஒன்றைச் செய்து பார்ப்பது மேல். இரண்டாவது வகை கேட்டு வாடிக்கையாளர் வரும்போதுதான் பிரிப்பதற்கு அர்த்தம் வருகிறது.

வேலை தேடுபவருக்கு

ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தானில் ஒரு குழுவுக்கு ஆறு பேர், அதில் குறைந்தது ஒரு பெண். அதில் வன்பொருள் பிரிவும் உண்டு. என்ஐடி மாணவரோ, நெடுங்காடு பெருந்தலைவர் காமராஜர் பொறியியல் கல்லூரி மாணவரோ, மேலே சொன்ன ஆறு பேர் பிரிப்பை அப்படியே போட்டுப் பாருங்கள். நான்கு பேர் செய்யும் கடைசி ஆண்டு ப்ராஜெக்டுக்கும் பொருந்தும்: மூன்று மாட்யூல், ஓர் இணைப்புப் பொறுப்பாளர். ரிப்போர்ட் எழுத ஒருவர், கோடிங்குக்கு ஒருவர், பணம் போட இருவர் என்ற வழக்கமான பிரிப்பைவிட இதில் கற்பது அதிகம்.

இணைப்புப் பொறுப்பாளர் வேலையை நீங்களே கேட்டு வாங்குங்கள். பெயர் வெளியே தெரியாத வேலை என்று நண்பர்கள் சொல்வார்கள். ஆனால் எல்லா மாட்யூலும் ஓரளவு தெரிந்தவர் குழுவில் அவர் ஒருவரே. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் பக்கம் வாகன நிறுவனங்களில் சிஸ்டம் இன்ஜினியர், இன்டக்ரேஷன் இன்ஜினியர், பிஎல்எம் போன்ற பெயர்களில் வரும் வேலைகள் இதன் நீட்சிதான். பாகப் பட்டியலைப் பதிப்பு வாரியாகப் பராமரிக்கத் தெரிந்த டிப்ளமோக்காரருக்கும் அங்கே இடம் உண்டு.

நேர்காணலுக்குப் போகும்போது பளபளப்பான படங்களோடு, கையெழுத்தும் அடித்தல் திருத்தலும் உள்ள ஓர் இணைப்புத் தாளையும் எடுத்துப் போங்கள். முதல் பதிப்பில் என்ன எழுதினீர்கள், மூன்றாம் பதிப்பில் ஏன் மாற்றினீர்கள், யார் ஒத்துக்கொள்ள மறுத்தார்கள், எப்படி முடித்தீர்கள் என்று சொல்லுங்கள். "குழுவில் உங்கள் பங்கு என்ன?" என்ற கேள்வியை ஏறக்குறைய எல்லோரும் கேட்பார்கள். அதற்கு அந்தத் தாளை மேசையில் வைத்துப் பேசத் தொடங்குங்கள்.